வானப் புகைப்படப் போட்டிகளில் எதற்கு உண்மையான மதிப்பு? எதில் பணம் கட்டலாம்?

பாலக்கோடு_கேமரா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் இரவு வானம் எடுப்பது சில வருஷமாகப் பழக்கம். பழைய கேனான், 24 எம்எம், 50 எம்எம் லென்ஸ், வானம் நகர்வதற்கு ஏற்ப கேமராவைத் திருப்புகிற ஒரு ஸ்டார் ட்ராக்கர், இவ்வளவுதான் கையில் இருக்கிறது, டெலஸ்கோப் கிடையாது. இந்த மாசியில் பென்னாகரம் பக்கம் ஒரு நடுகல்லை முன்னால் வைத்து, அதற்குப் பின்னால் தென்கிழக்கில் பால்வீதி எழுவதை விடியற்காலையில் எடுத்தேன். வீரன் கையில் இருக்கிற வில்லும் காலடியில் இருக்கிற மாடும் தெரிகிற அளவுக்கு மட்டும் பக்கவாட்டில் ஒரு சின்ன எல்ஈடி வைத்தேன், வேறு வெளிச்சம் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் போட்டிக்கு அனுப்பு, போட்டிக்கு அனுப்பு என்கிறார்கள்.

எந்தப் போட்டிக்கு என்பதுதான் கேள்வி. தேடினால் வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொன்றும் தன்னைத்தான் உலகத்திலேயே பெரியது என்று சொல்லிக்கொள்கிறது. கிரீனிச் போட்டி கேள்விப்பட்டிருக்கிறேன், தினம் ஒரு வானப் படம் போடுகிற நாசாவின் ஏபாட் (APOD) தளம் தெரியும், மற்றதெல்லாம் எனக்குப் புதுசு. போன வாரம் ஒரு போட்டிக்காரர்களிடமிருந்து மெயில் வந்தது (பெயர் வேண்டாம்). உங்கள் படத்தை இன்ஸ்டாகிராமில் பார்த்தோம், முதல் சுற்றில் தேர்வாகிவிட்டது, 35 டாலர் கட்டினால் இறுதிச் சுற்றுக்குப் போகும் என்று இருந்தது. நான் அனுப்பவே இல்லாத படம் எப்படித் தேர்வாகும்? ஆனால் அவர்கள் தளத்தில் கோப்பை, பதக்கம், சான்றிதழ் எல்லாம் பெரிது பெரிதாக இருக்கிறது, அதனால்தான் சந்தேகம் தீரவில்லை.

வருஷத்துக்கு ஐந்தாயிரத்துக்கு மேல் இதற்கு ஒதுக்க முடியாது. எனக்கு வேண்டியது இரண்டு. வானம் எடுக்கத் தெரிந்தவர்கள் பார்த்து இது நல்ல படம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஸ்டுடியோவில் மாட்டினால் உள்ளே வருகிறவருக்கும் அது என்ன என்று புரிய வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்குமா? அனுபவப்பட்டவர்கள் ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

---

ஓசூர்_ரிஃப்ராக்டர் எழுதியது:

முதல் வேலையாக அந்த மெயிலை அழித்துவிடுங்கள். அனுப்பாத படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பணம் கேட்பவர்களுக்கு உங்கள் பணம்தான் வேண்டும். அந்த மாதிரி இடங்களில் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் உட்பிரிவு வைத்து, அதற்குள் தங்கம், வெள்ளி, வெண்கலம், அப்புறம் ஹானரபிள் மென்ஷன் என்று நூற்றுக்கணக்கில் கொடுத்து, கோப்பை வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு என்பார்கள். சான்றிதழ் உண்மையாகவே வீட்டுக்கு வரும், ஆனால் வானம் எடுக்கிற யாரிடம் காட்டினாலும் அந்தப் பெயருக்கு ஒரு மரியாதையும் இருக்காது.

ஒரு போட்டிக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்றால், வருகிற படங்களில் எத்தனையைக் கழிக்கிறார்கள், கழிக்கிறவர் யார், இந்த இரண்டிலிருந்துதான் என்று நான் நினைக்கிறேன். பரிசுப் பணம் அதற்கு அடுத்ததுதான்.

இந்தக் கணக்கில் முதலில் நிற்பது கிரீனிச். 1675-ல் தொடங்கிய ராயல் அப்சர்வேட்டரி, 2009-லிருந்து 'ஆண்டின் சிறந்த வானியல் புகைப்படக் கலைஞர்' போட்டியை நடத்துகிறது. மொத்த வெற்றியாளருக்கு 10,000 பவுண்டு. 2024-ல் 58 நாடுகளிலிருந்து 3,500-க்கும் மேல் படங்கள் வந்தன, அதற்கு முந்தைய வருஷம் 4,000-க்கும் மேல். அதிலிருந்து கடைசியில் கண்காட்சிக்குப் போவது ஒரு சின்னப் பங்குதான். அதனால் அங்கே பரிசே வாங்க வேண்டாம், ஷார்ட்லிஸ்ட் ஆனாலே இந்தத் துறையில் நிமிர்ந்து பார்ப்பார்கள். லண்டனில் நேஷனல் மாரிடைம் மியூசியத்தில் படம் தொங்கும், புத்தகமாகவும் வருஷாவருஷம் போடுகிறார்கள். கட்டணம் 10 பவுண்டு, அதற்குள் பத்துப் படம் வரை அனுப்பலாம். நம் பணத்தில் ஆயிரத்துச் சொச்சம். உங்களுக்கு வந்த மெயிலில் ஒரு படத்துக்கு 35 டாலர் கேட்டிருக்கிறார்கள், அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கழிக்கிறவர் யார் என்பதற்கு ஒரு உதாரணம். 2023-ல் அங்கே ஜெயித்தது ஆண்ட்ரோமெடா கேலக்ஸி படம். ஆண்ட்ரோமெடாவை எடுக்காத ஆள் இந்தத் துறையில் கிடையாது, அவ்வளவு பழகிப்போன பொருள். ஆனால் மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் சைன்டி மூன்று பேரும் ஆக்சிஜனின் ஒளியை மட்டும் உள்ளே விடுகிற ஃபில்டரையும் வைத்து மொத்தம் நூறு மணி நேரத்துக்கும் மேல் ஒளி சேர்த்தபோது, கேலக்ஸிக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு பெரிய வளைவு தெரிந்தது. அதுவரை அது யார் கண்ணிலும் பட்டதில்லை. தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து அமெரிக்க வானியல் கழகத்தின் ஆய்வுக் குறிப்பிதழில் அதை வெளியிட்டார்கள். மூன்று பேருமே அமெச்சூர், படம் பிடித்தது 106 மி.மீ. ரிஃப்ராக்டரில், அதாவது லென்ஸ் வைத்த சின்ன டெலஸ்கோப்பில். அந்தப் படத்தின் அருமை புரிகிற நடுவர் இருந்ததால்தான் அது முதலிடத்துக்கு வந்தது.

அடுத்து ஏபாட். இது போட்டியே இல்லை, ஆனால் எல்லாரும் போட்டியாகத்தான் நினைக்கிறார்கள். 1995 ஜூன் 16-லிருந்து ஒரு நாளைக்கு ஒரு படம். ராபர்ட் நெமிராஃப், ஜெர்ரி பொன்னெல் என்ற இரண்டு வானியலாளர்கள் தொடங்கியது. பரிசு கிடையாது, கட்டணம் கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஹப்பிள், வெப் விண்வெளித் தொலைநோக்கிப் படங்களோடு உங்கள் படமும் அதே இடத்துக்குத்தான் போட்டி போடும், அமெச்சூருக்கு என்று தனி வரிசை வைக்கவில்லை. படத்தின் உரிமை உங்களிடமே இருக்கும், உங்கள் பெயரோடுதான் போடுவார்கள்.

மூன்றாவது ஆஸ்ட்ரோபின், வானம் எடுக்கிறவர்கள் படம் பகிர்கிற இணையதளம். அங்கே 'இமேஜ் ஆஃப் தி டே' என்று ஒன்று இருக்கிறது. சப்மிட்டர், ரிவ்யூவர், ஜட்ஜ் என்று மூன்று அடுக்கு தாண்டி வர வேண்டும், வழியில் நின்றுபோனால் டாப் பிக் நாமினேஷன், டாப் பிக் என்று பெயர் கிடைக்கும். வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் பார்க்கிறவர்கள் முழுக்க இதையே செய்கிற ஆட்கள், நட்சத்திரத்தின் ஓரத்தில் பச்சை தட்டியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு குறை என்னவென்றால், பெரும்பாலும் டீப் ஸ்கை ஆட்கள், அதாவது நெபுலா, கேலக்ஸி மாதிரி தொலைதூரப் பொருட்களை எடுப்பவர்கள், நிலக்காட்சியோடு வருகிற படத்துக்கு அங்கே கவனிப்பு குறைவு.

என் வரிசை இதுதான்: போட்டி என்றால் கிரீனிச், கௌரவம் என்றால் ஏபாட், கற்றுக்கொள்ள ஆஸ்ட்ரோபின்.

---

அரூர்_அறிவியல்_டீச்சர் எழுதியது:

ஓசூர் அண்ணா சொன்னதில் பெரும்பகுதி சரி, ஆனால் ஏபாட்டை இரண்டாவதாக வைத்ததை ஒத்துக்கொள்ள மாட்டேன். கிரீனிச் போட்டியில் ஜெயித்த படங்களை வருஷத்துக்கு ஒருமுறை செப்டம்பரில் செய்தித்தாளில் பார்த்துவிட்டு மறந்துபோகிறோம். ஏபாட்டில் வந்த படம் தினமும் எத்தனையோ வகுப்பறைக்குள் போகிறது. நான் வேலை பார்ப்பது அரூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. காலையில் முதல் பீரியடுக்கு முன்னால் அன்றைய படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது வழக்கம். படத்துக்குக் கீழே ஒரு வானியலாளர் நான்கைந்து வரியில் இது என்ன, எவ்வளவு தூரம், ஏன் இந்த நிறம் என்று எழுதியிருப்பார், அதைத் தமிழில் சொல்லிக் கொடுப்பேன். ஒரு படத்துக்கு ஆராய்ச்சியாளர் ஒருவர் உட்கார்ந்து விளக்கம் எழுதுகிறார் என்பதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை. பணப் பரிசு இல்லை என்பதே அதன் பலம், அங்கே யாரும் காசு கட்டி உள்ளே வர முடியாது.

இன்னொன்று, நீங்கள் பெரியவர்களுக்கான போட்டியாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கிரீனிச்சில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, அதற்குக் கட்டணமே கிடையாது. நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மொபைலையே ஒரு பைனாகுலரின் கண்ணாடியில் ஒட்டிவைத்து நிலாவை எடுக்கிற பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள், மலையோரம் ஊரானதால் வானம் அவர்கள் வாசலில் இருக்கிறது. தம்பி, உங்கள் ஸ்டுடியோவில் பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லிக் கொடுத்தீர்கள் என்றால் நான் அழைத்து வரத் தயார்.

சர்வதேச வானியல் ஒன்றியத்தின் கல்வி அலுவலகம் ஜெர்மனியில் ஹைடல்பெர்க்கில் இருக்கிறது, அவர்களும் வானப் புகைப்படப் போட்டி நடத்துகிறார்கள். ஜெயித்த படங்கள் எந்த நாட்டு ஆசிரியரும் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி பொது உரிமத்தில் வெளிவரும். விற்க நினைக்கிற படத்தை அங்கே அனுப்பக் கூடாது, பாடத்துக்கு உதவட்டும் என்று நினைக்கிற படத்தை அனுப்பலாம். நிலவின் பிறைகள் ஒரே சட்டத்தில், நட்சத்திரச் சுழற்சி, இந்த மாதிரி பாடம் சொல்கிற படங்களுக்கு அங்கேதான் மதிப்பு.

---

காவேரிப்பட்டணம்_பிலிம் எழுதியது:

தம்பிக்கு சுவரில் மாட்டுகிற விஷயமும் முக்கியம் என்று எழுதியிருக்கிறார், அதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. நான் பிலிம் காலத்திலிருந்து சலோன் என்கிற புகைப்படக் கண்காட்சிப் போட்டிகளுக்கு அனுப்புகிறவன். தமிழ்நாட்டுப் புகைப்படக்காரர்களிடம் மதிப்பு என்றால் இன்றும் எஃப்.ஐ.ஏ.பி. (சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு), பி.எஸ்.ஏ. (அமெரிக்கப் புகைப்படக் கழகம்) இரண்டும்தான். அங்கீகரிக்கப்பட்ட சலோனில் படம் ஏற்கப்பட்டால் எண்ணிக்கை சேரும், சேரச் சேர ஏ.எஃப்.ஐ.ஏ.பி., அப்புறம் ஈ.எஃப்.ஐ.ஏ.பி. என்று எஃப்.ஐ.ஏ.பி. கொடுக்கிற பட்டம் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். கிளப்பில் அதைப் பார்த்துத்தான் நாற்காலி போடுவார்கள், நடுவராகக் கூப்பிடுவதும் அதை வைத்துத்தான். கல்யாண ஆர்டர் கொடுக்க வருகிறவருக்கு எழுத்துக்குப் பொருள் தெரியாவிட்டாலும், பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கிறது என்பது புரியும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சலோன் நடுவர்கள் ஒரு படத்துக்குச் சில வினாடிதான் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் கண்ணைப் பறிக்கிற நிறமும் அமைப்பும்தான் எடுபடும். பால்வீதி படம் என்றால் ஊதா நிறத்தை ஏற்றி, தரையில் ஒரு ஆள் டார்ச்சை மேலே காட்டி நிற்கிற படம் ஏறிவிடும், அடக்கமாக எடுத்த நடுகல் கீழே போய்விடும். நடுவர் வான விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை. வானம் எடுக்கிறவர்களின் பாராட்டு வேண்டுமென்றால் சலோன் அதற்கான இடம் கிடையாது. சுவருக்கு வேண்டுமென்றால் தாராளமாக அனுப்பலாம், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

---

ஓசூர்_ரிஃப்ராக்டர் எழுதியது:

ஐயா சொன்ன சில வினாடி விஷயம் நிஜம். டீச்சரம்மா, ஏபாட் பற்றி நீங்கள் சொன்னதையும் ஏற்கிறேன், வரிசையில் நான் அதைக் கீழே வைத்ததற்குக் காரணம் வேறு. அங்கே எது எப்போது எடுபடும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிரகணம், வால்நட்சத்திரம் வருகிற வாரம் என்றால் வரிசை அதற்குப் போய்விடும். திட்டம் போட்டு உழைக்கிறவருக்குப் போட்டியில் ஒரு தேதி இருக்கிறது, பிரிவு இருக்கிறது, அது உதவும்.

சின்னதாகச் சில பெயர்கள், தேடும்போது கண்ணில் படும் என்பதற்காகச் சொல்கிறேன். டேவிட் மாலின் விருது மிக உயர்ந்தது. வண்ண வானப் புகைப்படத்துக்கே வழிகாட்டியவர் பெயரில் நடப்பது, ஆனால் ஆஸ்திரேலியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். 'மில்கி வே போட்டோகிராபர் ஆஃப் தி இயர்' என்று கேப்சர் தி அட்லஸ் தளம் 2018-லிருந்து வெளியிடுவது ஒரு தொகுப்பு, வருஷத்துக்கு 25 படம், முதல் இடம் இரண்டாம் இடம் என்று கிடையாது. இலவசம், நிறைய பேர் பார்க்கிறார்கள், பால்வீதிக்கு மட்டும். உங்கள் படத்துக்குப் பொருத்தமான இடங்களில் ஒன்று.

---

பாலக்கோடு_கேமரா எழுதியது:

இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. மெயிலை அழித்துவிட்டேன். டீச்சர், ஞாயிற்றுக்கிழமை விஷயம் கண்டிப்பாகச் செய்யலாம், ஆனி மாதக் கல்யாணங்கள் முடியட்டும், தேதி பேசிக்கொள்வோம்.

இப்போது இன்னொரு சந்தேகம். கிரீனிச் பழைய வெற்றியாளர் பக்கங்களை இரவெல்லாம் பார்த்தேன். சிலியிலும் நமீபியாவிலும் பெரிய டெலஸ்கோப்பை இணையம் வழியாக வாடகைக்கு எடுத்து எடுத்த படங்கள் நிறைய. அதோடு போய் நாம் நிற்க முடியுமா? 50 எம்எம்மில் தெற்குச் சிலுவை நட்சத்திரங்களும் கரினா நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகமும் சேர்ந்து வருகிற ஒரு படமும் வைத்திருக்கிறேன், நம் ஊரிலிருந்து இவை தெரிகிறது என்பதே ஒரு சாதகம் என்று நினைத்தேன். ஐரோப்பாக்காரருக்கு அது வானத்திலேயே வராது இல்லையா?

---

ஓசூர்_ரிஃப்ராக்டர் எழுதியது:

நல்ல கேள்வி, இதைத்தான் நிறைய பேர் யோசிப்பதில்லை. நாம் இருப்பது கிட்டத்தட்ட 12 டிகிரி வட அட்சரேகை. கிரீனிச் 51.5. பால்வீதியின் மையம் அங்கே அதிகபட்சம் பத்து டிகிரிக்கும் குறைவான உயரத்துக்குத்தான் வரும், நமக்கு 49 டிகிரி வரை ஏறும். கரினா நெபுலா அங்கே உதிப்பதே இல்லை, நமக்கு மாசிக் கடைசியில் நடுராத்திரி தெற்கே 18 டிகிரி உயரத்தில் நிற்கும். ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து பங்குனியில் 30 டிகிரி. காவலூரில் வைணு பாப்பு வானோக்ககத்தை வைத்ததற்கு நகர வெளிச்சத்திலிருந்து விலகியிருப்பதோடு, தெற்கு வானத்தில் பெரும்பகுதி தெரியும் என்பதும் ஒரு காரணம். அந்த 2.34 மீட்டர் டெலஸ்கோப் இருக்கிற ஜவ்வாது மலை நமக்குப் பக்கத்து மலைதான்.

ஆனால் நீங்கள் மோதப்போவது கிரீனிச்சில் வீடு இருப்பவரோடு கிடையாது. சிலியில் கரினா நம்மைவிட வெகு உயரத்தில் நிற்கும், அங்கே காற்று காய்ந்திருக்கும், வானம் கருப்பாக இருக்கும். நமக்கு 18 டிகிரி என்றால் அந்த ஒளி காற்று மண்டலத்தில் மூன்று மடங்கு தடிமனைத் துளைத்து வர வேண்டும், போகிற வழியில் குவாரித் தூசி, மேட்டூர்ப் பக்கத்து வெளிச்சம், அடிவானப் புகைமூட்டம் எல்லாம் இருக்கிறது. டீப் ஸ்கையில் அவர்களோடு நேருக்கு நேர் நிற்பது நம் கருவிக்குக் கஷ்டம். சிலுவைப் படத்தை ஆஸ்ட்ரோபினில் போடுங்கள், கிரீனிச்சுக்கு வேண்டாம்.

நம் இடம் உண்மையில் சாதகமாக இருப்பது கிரகங்களுக்கு. வியாழன், செவ்வாய், சனி எல்லாம் நமக்கு உச்சிக்கு அருகே ஏறும், காற்றின் தடிமன் அங்கேதான் குறைவு. அதற்கு நீளமான ஃபோகல் லென்த் டெலஸ்கோப் வேண்டும், இப்போது உங்களிடம் இல்லை. அப்புறம் கிரகணம். 2021-ல் கிரீனிச்சில் ஜெயித்தது 2020 ஜூன் 21 கங்கண கிரகணம், ஷுசாங் டாங் என்பவர் திபெத்தில் எடுத்தது. மேகம் சூழ்ந்த நாள், மெல்லிய மேகத்துக்குள் ஒரு பொன் வளையம், அவ்வளவுதான் படம். கேமராவும் டெலி லென்சும் போதுமானதாக இருந்தது. 2024-ல் ஜெயித்ததும் கிரகணம்தான். ரயன் இம்பீரியோ டெக்சாஸில் 2023 கங்கண கிரகணத்தில், நிலாவின் மலை பள்ளங்கள் வழியாகச் சூரிய ஒளி மணிமணியாகக் கசிவதை வரிசையாக எடுத்து ஒரே சட்டத்தில் வைத்தார். ஆக, ஒவ்வொரு வருஷமும் பெரிய டெலஸ்கோப்தான் ஜெயிக்கும் என்று எழுதிவைக்க முடியாது.

உங்கள் பலம் நடுகல் படம். சிலியில் நடுகல் கிடையாது.

---

தேன்கனிக்கோட்டை_இரவு எழுதியது:

நடுகல் படத்தைப் பற்றி மட்டும் நானும் சொல்கிறேன். நான் எடுப்பது முழுக்க நிலக்காட்சி, மல்லசந்திரம் கல்திட்டைகள், ராயக்கோட்டைப் பாறை, இந்த மாதிரி. எங்கள் பக்கம் வடக்கே திரும்பினால் பெங்களூர் வெளிச்சம் அடிவானத்தையே விழுங்கிவிடும், அதனால் தெற்கே பார்க்கிற இடமாகத் தேடித் தேடிப் போவேன். அஞ்செட்டிப் பக்கம் இருட்டு அருமை, ஆனால் யானை நடமாட்டம் இருக்கிற காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் யாரும் போகாதீர்கள். போட்டிக்காரர்களும் அனுமதி வாங்கி எடுத்த படமா என்று கேட்கலாம், பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிரீனிச்சில் இந்தப் படத்தை எந்தப் பிரிவில் போடுவது என்று யோசித்தீர்களா? ஸ்கைஸ்கேப்ஸ் என்று நிலக்காட்சிப் பிரிவு இருக்கிறது, எல்லாரும் அங்கேதான் கொண்டுபோய்க் கொட்டுவார்கள், பனிமலை, ஏரி, கலங்கரை விளக்கம் என்று நெரிசல் அதிகம். பீப்பிள் அண்ட் ஸ்பேஸ் என்று இன்னொரு பிரிவு, மனிதர்களோ மனித வாழ்க்கையின் தடமோ வானத்தோடு சேர்ந்து வருகிற படங்களுக்கு. மாட்டைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த ஒருவனுக்கு ஊரார் எடுத்த கல் அது. அந்தப் பிரிவுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? நான் என்றால் அங்கேதான் அனுப்புவேன். புதியவருக்கான சர் பேட்ரிக் மூர் பரிசை நினைக்க வேண்டாம், கடந்த ஒரு வருஷத்துக்குள் தொடங்கினவர்களுக்குத்தான் அது.

அப்புறம் விளக்கக் குறிப்பு. இதில்தான் நம் ஆட்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். 'பால்வீதி, தமிழ்நாடு' என்று இரண்டு வார்த்தை எழுதினால் லண்டனில் இருக்கிற நடுவருக்கு அது ஏதோ ஒரு பாறை. கல்லில் வில் இருக்கிறது, கால் பக்கம் மாடு இருக்கிறது, இது யாருக்காக வைத்த கல், இந்த மாவட்டத்தில் இப்படி வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் எத்தனையோ கற்கள் நிற்கின்றன, ஊர்க்காரர்கள் இன்றும் கும்பிடுகிறார்கள், இதைச் சுருக்கமாக நான்கு வரியில் எழுதுங்கள். விவரம் சரிபார்க்க வேண்டுமென்றால் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள், அங்கே நடுகற்கள் வரிசையாக வைத்திருக்கிறார்கள், காலமும் எழுத்தும் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டால் சொல்வார்கள்.

எடிட்டிங்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. கல்லை ஒரு இடத்தில், பால்வீதியை வேறொரு இடத்தில் எடுத்து ஒட்டியிருந்தால் மதிப்புள்ள எந்த இடத்துக்கும் அனுப்பாதீர்கள். ஒரே இடத்தில், ஒரே இரவில், ட்ராக்கர் ஓடும்போது வானமும் ட்ராக்கரை நிறுத்திவிட்டுக் கல்லும் எடுத்துச் சேர்ப்பது வேறு, அதையும் குறிப்பில் சொல்லிவிட வேண்டும். ரா ஃபைல் (கேமரா பதிவுசெய்த திருத்தாத கோப்பு) அத்தனையும் பத்திரம்.

---

பாலக்கோடு_கேமரா எழுதியது:

ஒரே இரவு, ஒரே இடம்தான் அண்ணா. முக்காலியை நகர்த்தவே இல்லை. வானத்துக்கு ட்ராக்கரோடு எடுத்த சட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து ஸ்டாக் செய்தேன், கல்லுக்கு ட்ராக்கரை நிறுத்திவிட்டு நீளமாக ஒன்று. ரா எல்லாம் இருக்கிறது. நிலத்துக்காரர் பெரியவர் ஒருவர், எடுக்கும்போது கூடவே உட்கார்ந்திருந்தார், அவரிடமே கல்லைப் பற்றி எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

முடிவு செய்துவிட்டேன். நடுகல் படம் கிரீனிச்சுக்கு, பீப்பிள் அண்ட் ஸ்பேஸில். பத்துப் படம் வரை அனுப்பலாம் என்றாலும் அதோடு இன்னும் இரண்டு மட்டும் சேர்ப்பேன், பலவீனமானதைச் சேர்க்க மனமில்லை. சிலுவை படம் ஆஸ்ட்ரோபினுக்கு. ஏபாட்டுக்கும் நடுகல்லையே அனுப்பலாமா, இரண்டு இடத்துக்கும் ஒரே படம் போனால் ஆட்சேபம் வருமா?

---

ஓசூர்_ரிஃப்ராக்டர் எழுதியது:

ஏபாட்டுக்குப் பொதுவாக அது பிரச்சினை இல்லை. கிரீனிச் விதிமுறையில் ஏற்கெனவே வெளியான படம் பற்றி அந்த வருஷத்துக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று வரிவரியாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், விதி வருஷத்துக்கு வருஷம் மாறலாம். வழக்கமாக ஜனவரியில் திறந்து மார்ச் முதல் வாரத்தில் மூடிவிடுவார்கள். எந்தத் தேதிக்குப் பிறகு எடுத்த படமாக இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள். எந்தப் போட்டியானாலும் உரிமை பற்றிய பத்தியைத் தேடிப் பாருங்கள். கண்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் பயன்படுத்த அனுமதி கேட்டால் சரி, படமே இனி எங்களுடையது என்று இருந்தால் பக்கத்தை மூடிவிடுங்கள்.

---

காவேரிப்பட்டணம்_பிலிம் எழுதியது:

சுவருக்கு நான் ஒன்று சொல்கிறேன் தம்பி. முடிவு செப்டம்பரில் வரட்டும், வராமலும் போகட்டும், அந்த நடுகல் படத்தை 20க்கு 30 அங்குலத்தில் மேட் பேப்பரில் போட்டு ஸ்டுடியோவில் இப்போதே மாட்டுங்கள். பளபளப்பு பேப்பர் வேண்டாம், டியூப்லைட் பட்டால் வானம் முழுக்க வெள்ளையடித்துவிடும். கறுப்பு எவ்வளவு இறங்குகிறது என்று முதலில் ஒரு சின்னத் துண்டு டெஸ்ட் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள், திரையில் தெரிகிற வில்லின் கோடு பேப்பரில் அமுங்கிவிடும். அந்த இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அரை ஸ்டாப் தூக்கி, மறுபடி போடுங்கள்.